தொட்டிக்குச் சென்ற மலைப்பூ: அகத்தியமலைச் செருப்பு ஆர்க்கிட்டின் வரலாறு

பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை வரையுள்ள எல்லையூர்களில் வீட்டு முற்றங்களைக் கவனித்துக்கொண்டு நடப்போருக்கு ஒரு மாற்றம் புலப்படும். செம்பருத்தியும் நந்தியாவட்டையும் நின்ற முற்றங்களில் இன்று ஆர்க்கிட் தொட்டிகளும் தொங்குகின்றன. பக்கங்களில் துளையிட்ட மண்தொட்டி. அதனுள் அடுப்புக்கரி, உடைந்த ஓட்டுத்துண்டு, எம் பகுதியில் ‘கதம்பல்’ என வழங்கும் தேங்காய் மட்டைத் துண்டு. இவற்றைப் பற்றிக்கொண்டு டென்ட்ரோபியமும் வாண்டாவும் பூக்கின்றன. இவற்றோடு நின்றுவிடாமல், ஆர்வலர் சிலரின் நாட்டம் இப்போது ‘லேடீஸ் ஸ்லிப்பர்’ எனப்படும் செருப்பு ஆர்க்கிட்டின் பக்கம் திரும்பியுள்ளது. வெளிநாட்டுத் தோட்டப் படங்களில், வீட்டு வாயிலில் திறந்தவெளித் தொட்டியில் கொத்துக்கொத்தாகப் பூத்து நிற்கும் செடி அது. ‘நம் முற்றத்தில் அதை வளர்க்க முடியுமா?’ என்பது இயல்பாக எழும் வினா.

வினா தோட்டக்கலையைச் சார்ந்தது. ஆயின் அதற்கு நேர்மையான விடை சொல்ல வேண்டுமெனில் வரலாற்றுக்குள் செல்ல வேண்டியுள்ளது. ஏனெனில் தென்னிந்தியா முழுவதிலும் இயற்கையாக வளரும் செருப்பு ஆர்க்கிட் இனம் ஒன்றே ஒன்றுதான். அது வாழும் இடம், நம் ஊர்களுக்குப் பெயரும் நீரும் தந்த நெய்யாறு பிறக்கும் அகத்தியமலை. 19ஆம் நூற்றாண்டில் அது அம்மலையிலிருந்து ஐரோப்பியத் தொட்டிகளுக்குச் சென்றது. பின்னர் மலையிலேயே அரிதாயிற்று. ஒரு காலத்தில் அழிந்துவிட்டதாகவும் கருதப்பட்டது. இன்று அச்செடியை நம் முற்றத்தில் வைப்பதற்குச் சட்டம் குறுக்கே நிற்கிறது. ஒரு தொட்டிக்குள் இருக்கும் செடி எவ்வழியாக அங்கு வந்தது என்னும் கேள்வியே அச்செடியின் வரலாறு முழுவதையும் தீர்மானித்திருக்கிறது என்பதை இப்பதிவில் காட்ட முயல்கிறேன்.

எந்தக் குளிர், எந்தத் தாங்குதிறன்?

முதலில் ஒரு தெளிவு தேவை. செருப்பு ஆர்க்கிட் என்பது ஒரே செடியன்று. பல பேரினங்களுக்குரிய பொதுப்பெயர். அவற்றுள் இரண்டு பேரினங்கள் நமக்கு முதன்மையானவை. சிப்ரிபீடியம் என்பது வட அமெரிக்கா, ஐரோப்பா, ஆசியாவின் குளிர்நாடுகளுக்குரியது. ஏறத்தாழ 50 இனங்கள் கொண்டது. குளிர்காலத்தில் இலையும் தண்டும் மடிந்து, மண்ணுக்குள் மொட்டாக உறங்கி, வேனில் தொடக்கத்தில் மீண்டும் முளைக்கும். இந்தியாவில் இதன் இனங்கள் இமயமலையில் மட்டுமே உள்ளன. பாபியோபெடிலம் என்பது வெப்பமண்டல ஆசியாவிற்குரியது. ஆண்டு முழுவதும் பசுமையாக இருப்பது; உறக்கம் அறியாதது.

வெளிநாட்டு வாயில்களில் திறந்தவெளித் தொட்டியில் நிற்பது சிப்ரிபீடியம். அதை வளர்க்கும் முறை இன்று நன்கு வகுக்கப்பட்டுள்ளது. வேர்கள் ஆழமாகச் செல்லாமல் பக்கவாட்டில் பரவுவதால் தொட்டி அகலமானதாக இருக்க வேண்டும். சத்து மிகுந்த கரிமண் ஆகாது. நுரைக்கல், எரிமலைக்கல், பெர்லைட் போன்ற நீர் தேங்காத கற்கலவை வேண்டும். மொட்டு இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்க வேண்டும். காலை வெயிலும் பின்னர் நிழலும் போதும். குளிர்காலத்தில் தொட்டி மழையில் நனைந்து ஊறக்கூடாது. ஆயினும் ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஐந்து பாகை செல்சியசுக்கு அருகிலோ அதற்குக் கீழோ இருந்தாக வேண்டும். அக்குளிர் கிடைக்காவிடில் மொட்டு விழித்தெழாது.

இறுதி நிபந்தனையில்தான் நம் முற்றம் தோற்றுவிடுகிறது. பாறசாலையில் இரவு வெப்பம் 20 பாகைக்குக் கீழ் இறங்குவதே அரிது. ஆங்கிலத் தோட்டக்கலையில் ‘ஹார்டி’ என்னும் சொல் உறைபனியைத் தாங்குவது என்று பொருள்படும். அச்சொல்லைத் தமிழில் ‘எதையும் தாங்கும் செடி’ என்று எழுதிவிட்டால் பொருள் திரிந்துவிடும். நமக்குத் தாங்குதிறன் என்பது மேடத்து வெயிலையும், இடவப்பாதி மழையையும், அது ஓய்ந்து சில வாரங்களிலேயே வரும் ஐப்பசி மழையையும் தாங்குவது. யார்க்‌ஷயர் பனியில் பல்லாண்டு வாழும் செடி, நெய்யாற்றின்கரையின் ஒரு கோடையில் அழுகிப்போகும். ஒரு சொல்லின் பொருள் அது வழங்கும் நிலத்தின் தட்பவெப்பத்தையும் சார்ந்தது என்பதற்கு இதைவிட எளிய சான்று கிடைப்பது கடினம்.

ஆக, குளிர்நாட்டுச் செருப்பு ஆர்க்கிட்டை இங்குத் திறந்தவெளியில் வளர்ப்பது இயலாத செயல். அப்படியானால் நம் மலையின் செருப்பு ஆர்க்கிட்? அதற்குச் செல்லுமுன் பெயர்களைச் சற்றுப் பார்ப்போம்.

செருப்பு யாருடையது?

இப்பூவின் கீழிதழ் பை போலக் குவிந்திருக்கும். அதற்குள் விழும் பூச்சி வந்த வழியே திரும்ப இயலாது. பின்புறமுள்ள குறுகிய வழியாக, சூல்முடியையும் மகரந்தத்தையும் உரசிக்கொண்டே வெளியேற வேண்டும். பூச்சிக்குத் தேன் எதுவும் கிடைப்பதில்லை. அந்தப் பையை இடைக்கால ஐரோப்பா மரியன்னையின் காலணியாகக் கண்டது. 1753இல் லின்னேயஸ் அதைக் கிரேக்கக் காதல் தெய்வத்திற்கு மாற்றினார்: சைப்ரஸ் தீவில் பிறந்தவளாகிய ‘சிப்ரிஸ்’, அவளுடைய செருப்பு. கிரேக்கத்தில் ‘பெடிலோன்’ என்பது செருப்பு. லின்னேயஸ் எழுதிய சொல்லில் அந்த லகரம் விடுபட்டுப்போயிற்று. 1886இல் ஜெர்மானியத் தாவரவியலாளர் ஃபிட்சர் வெப்பமண்டல இனங்களைத் தனியே பிரித்தபோது, அத்தெய்வத்தின் கோயில் இருந்த ‘பாபோஸ்’ நகரின் பெயரைச் சேர்த்து, லகரத்தையும் மீட்டுக்கொடுத்து, ‘பாபியோபெடிலம்’ என்றார்.

ஜப்பானியர் கண்டது வேறு. இருவகைச் சிப்ரிபீடியங்களுக்கு அவர்கள் ‘குமகாய்’, ‘அத்சுமோரி’ என்னும் இரு போர்வீரர்களின் பெயரை இட்டனர். ஒருவன் மற்றவனைக் கொன்றவன். அக்கால வீரர் முதுகில் காற்றடைத்தாற்போல் புடைத்து நிற்கும் துணிக்கவசமே அவர்களுக்கு அந்தப் பையில் தோன்றிற்று. ஓர் உருவம் எதனோடு ஒப்பிடப்படுகிறது என்பதைப் பூ முடிவுசெய்வதில்லை. பார்ப்போரின் வாழ்க்கையே முடிவுசெய்கிறது. நம்மவரும் செருப்பைக் கொண்டு செடிக்குப் பெயரிட்டதுண்டு. தரையோடு தரையாகப் படரும் ‘செருப்படை’ அதற்குச் சான்று. ஆனால் அது காலில் மிதிபடும் நிலையைக் குறித்த பெயர்.

ஆர்க்கிட்டுகளுக்கு நம் நிலத்தில் வழங்கிய பெயர்களுக்கு ஒரு பழைய ஆவணம் உண்டு. டச்சு ஆளுநர் வான் ரீட் தொகுத்த ‘ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்’ 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வெளிவந்தது. அதன் இறுதித் தொகுதியில் ஆர்க்கிட்டுகள் வரிசையாக வருகின்றன. அவற்றின் பெயர்கள் ‘ஆஞ்ஞிலி மரவர’, ‘காஞ்சிர மரவர’ என்பன போன்றவை. ‘மரவர’ என்பதை இன்றைய மலையாளத்தின் ‘மரவாழை’ என்னும் சொல்லோடு இணைத்துக் காணலாம். அதற்கு முன்னே நிற்பது, செடி ஒட்டிவாழும் மரத்தின் பெயர். ஆஞ்ஞிலி என்பது நாம் அயினி என்றும் சொல்லும் மரம். காஞ்சிரம் என்பது எட்டி. எந்த மரத்தில் வாழ்கிறதோ அதுவே செடியின் முகவரி என்னும் அறிவு இப்பெயரமைப்பிலேயே உள்ளது.

செருப்பு ஆர்க்கிட் அந்நூலில் இல்லை. அது மரத்தில் வாழ்வதன்று. ஆகவே மரவாழை என்னும் சொல்லுக்குள்ளும் அடங்காது. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், பாறையிடுக்குகளிலும் புல்வெளியிலும், பிற பாபியோபெடிலங்கள் தாங்காத திறந்த வெயிலில் வளர்வது. சமவெளியின் சொற்கோவைக்குள் அது வரவேயில்லை.

1865: மலையுச்சியில் ஒரு வானியலாளர்

அறிவியல் உலகில் அதன் கதை எதிர்பாராத ஓரிடத்தில் தொடங்குகிறது. திருவிதாங்கூர் அரசர் சுவாதித் திருநாள் 1837இல் திருவனந்தபுரத்தில் ஒரு வானாய்வகத்தை நிறுவினார். 1852இல் அதன் பொறுப்பை ஏற்றவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜான் ஆலன் பிரௌன். புவிக்காந்தம் அவருடைய துறை. உயரத்திற்கேற்பக் காந்த அளவீடுகளும் வானிலையும் எவ்வாறு மாறுகின்றன என்பதை அறிய, 1855இல் அவர் அகத்தியமலை உச்சியில், 6,000 அடிக்கு மேல், ஓர் ஆய்வகம் கட்டினார். யானைக்காடுகளைக் கடந்து கருவிகளும் மரமும் தலைச்சுமையாகவே மேலேற்றப்பட்டன. திருவனந்தபுரம் அருங்காட்சியகத்தின் தொடக்கத்திலும் அவருக்குப் பங்குண்டு. 1865இல் அவர் இந்தியாவை விட்டுச் சென்றார்.

ஆர்க்கிட் நூல்கள் இச்செடியை 1865இல் முதலில் கண்டவராக ஜே. ஏ. பிரௌன் என்னும் பெயரைத் தருகின்றன. பல நூல்களில் அது ‘வண்ணம்’ எனப் பொருள்படும் வழக்கமான ஆங்கில எழுத்துக்கூட்டலில் அச்சாகியிருக்கிறது. வானியலாளரின் பெயரில் ஓரெழுத்து வேறு. அதே மலை, அதே ஆண்டு, அதே முதலெழுத்துகள். இருவரும் ஒருவரே எனக் கொள்வதே பொருத்தம். தமிழில் எழுதும்போது அவ்வெழுத்து வேறுபாடு மறைந்துவிடுவதால் நமக்கு அந்தக் குழப்பம் எழுவதே இல்லை!

செடிக்குப் பெயரிட்டவர் வேறொருவர். சென்னை மாகாண வனத்துறையில் பணியாற்றிய ரிச்சர்டு ஹென்றி பெடோம், 1874இல் தம் தாவரப் படநூலில் இதனை ‘சிப்ரிபீடியம் ட்ரூரியை’ என விவரித்தார். 1892இல் பெர்த்தோல்ட் ஸ்டைன் இதனைப் பாபியோபெடிலத்திற்கு மாற்றினார். பெயரில் நிலைபெற்ற கர்னல் ஹீபர் ட்ரூரி, திருவிதாங்கூரில் பணியாற்றியவர். இந்தியாவின் பயன்தரு தாவரங்கள் குறித்து 1858இல் நூல் வெளியிட்டவர். பின்னர் இந்தியத் தாவரங்களுக்கு ஒரு கையேடும் தொகுத்தவர். ஆக, கண்டவர் ஒருவர், விவரித்தவர் ஒருவர், பெயரானவர் ஒருவர்.

செடியின் முதல் முகவரியும் கருதத்தக்கது: திருவிதாங்கூரின் ‘கால்கட் குன்றுகள்’. அந்த ஆங்கில எழுத்துக்கூட்டலுக்குப் பின்னால் இருப்பது களக்காடு. களக்காடு மலைக்குக் கிழக்கே, திருநெல்வேலிச் சீமையில் உள்ள ஊர். திருவிதாங்கூர் என்பது மலைக்கு மேற்கே. இருபுறத்துப் பெயர்களும் ஒரே முகவரிக்குள் அமைந்துள்ளன. 1956 நவம்பர் 1இல் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் கோரிய வட்டங்களுள் ஒன்றான நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. மலையின் மேற்குச்சரிவு நெய்யாறு காட்டுயிர்ச் சரணாலயத்திற்குள்ளும், கிழக்குச்சரிவு களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்திற்குள்ளும் அடங்கின. எல்லையூர்களில் இரு மொழிகளோடு வாழும் நமக்கு இத்தகைய முகவரி புதிதன்று.

இவ்வரலாற்றில் ஒரு தரப்பு மட்டும் பெயரின்றி நிற்கிறது. அம்மலைக்காட்டில் வழி அறிந்தவர்கள் காணிக்காரர்கள். மலையின் இருபுறத்திலும் வாழும் தொல்குடி. ‘காணி’ என்னும் தமிழ்ச்சொல் நிலத்தையும், வழிவழியாக வரும் நில உரிமையையும் குறிக்கும். நிலத்துக்குரியோர் எனப் பொருள்படும் பெயரைத் தாங்கியவர்களின் நிலத்திலிருந்தே அச்செடி எடுக்கப்பட்டது. பெயரோ ஒரு கர்னலுக்குச் சென்றது.

கண்ணாடி வீடுகளின் பசி

19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் ஆர்க்கிட் ஒரு செல்வச் செருக்கின் அடையாளம். நெடுங்கடல் பயணத்தில் செடிகளை உயிரோடு கொண்டுசெல்ல வார்டு என்பவர் கண்டறிந்த மூடிய கண்ணாடிப்பெட்டி, 1830கள் முதல் இவ்வணிகத்தைப் பெருக்கிற்று. இந்தியச் செருப்பு ஆர்க்கிட்டுகளுக்குப் பெருவிலை இருந்தது. அஸ்ஸாம் வழியாக வந்து 1857இல் இங்கிலாந்தில் பூத்த ‘பாபியோபெடிலம் ஃபேரியானம்’ சில ஆண்டுகளில் சேகரிப்புகளிலிருந்து மறைந்தபோது, சாண்டர் என்னும் வணிகர் அதை மீண்டும் கண்டுதருவோருக்கு 1,000 பவுன் பரிசு அறிவித்தார். 1905 வாக்கில் அது இமயமலைச் சாரலில் மீண்டும் கிடைத்தது. அன்றைய 1,000 பவுன் எத்தகைய தொகை என்பதை எண்ணினால், மலைகளில் என்ன நிகழ்ந்திருக்கும் என ஊகிக்கலாம்.

ட்ரூரியின் பெயர் பெற்ற நம் மலைப்பூ 1870களின் பிற்பகுதியில் இலண்டன் நாற்றங்கால்களை அடைந்தது. ஒரு தண்டில் ஒரே பூ, பசுமஞ்சள் இதழ்கள், மேலிதழிலும் இருபக்க இதழ்களிலும் நடுவே ஓடும் அடர்பழுப்புக் கோடு, தேன்மஞ்சள் நிறப் பை. ஆகவே அதற்குத் தேவை பெருகியது.

ஆனால் அது தொட்டிக்கு எளிதில் அடங்கும் செடியன்று. அதன் மட்டத்தண்டு தரையில் ஊர்ந்து செல்லும் இயல்புடையது. ஒரு குருத்துக்கும் அடுத்த குருத்துக்கும் இடைவெளி விடும். வட்டத்தொட்டியில் வைத்தால் விளிம்பைத் தாண்டி வெளியேறும். பிற பாபியோபெடிலங்களுக்குப் பழகிய நிழலில் வைத்தால் இலை விடும்; பூக்கத் தயங்கும். மலையுச்சியின் வெளிச்சமும், குளிர்ந்த உலர்ந்த இரவுகளும் அதற்கு வேண்டும். ஐரோப்பியத் தோட்டக்காரர் இதைக் கற்றுக்கொள்வதற்குள் இறந்த செடிகளின் இடத்தை மலையிலிருந்து வந்த புதிய செடிகளே நிரப்பின.

விதையிலிருந்து வளர்த்திருக்கலாமே எனத் தோன்றலாம். அன்று அது எளிதன்று. ஆர்க்கிட் விதை தூள் போன்றது. தனக்கென உணவுச் சேமிப்பு இல்லாதது. முளைப்பதற்கு மண்ணிலுள்ள ஒருவகைப் பூஞ்சையின் துணை வேண்டும். இதனை 1899இல் பிரெஞ்சு அறிஞர் நொயேல் பெர்னார் கண்டறிந்தார். பூஞ்சையின்றிச் சர்க்கரை கலந்த ஊடகத்திலேயே முளைக்கச் செய்யலாம் என 1922இல் அமெரிக்காவின் லூயிஸ் நட்சன் காட்டினார். அதற்கு முந்தைய காலத்தில் ஒரு தொட்டி நிரம்பியது என்றால் ஏதோ ஒரு மலையில் ஒரு பள்ளம் உண்டாயிற்று என்பதே பெரும்பாலும் பொருள்.

இதன் விளைவாக 20ஆம் நூற்றாண்டில் இச்செடி இயற்கையில் அழிந்துவிட்டதாகவே கருதப்பட்டது. 1972இல் அது அகத்தியமலைப் பகுதியில் மீண்டும் கண்டறியப்பட்டது. அம்மகிழ்ச்சி நீடிக்கவில்லை. மீண்டும் கிடைத்த செய்தியே சேகரிப்போரை மீண்டும் மலையேறச் செய்தது. இம்முறை பெயர்த்தெடுக்க எஞ்சியிருந்தவை மிகச் சிலவே. இன்று இவ்வினம் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் ‘மிகவும் அழிநிலை’ என்னும் வகையில் உள்ளது.

சட்டம் வந்த காலம்

அதே 1972இல்தான் இந்தியாவின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் இயற்றப்பட்டது. ஆனால் அன்று அதில் தாவரங்களுக்குத் தனி இடமில்லை. 1991 திருத்தமே ஆறாம் அட்டவணையைச் சேர்த்து ஆறு தாவரங்களைப் பட்டியலிட்டது. அவற்றுள் ஒன்று பாபியோபெடிலம் பேரினம் முழுவதும். 2022 திருத்தத்திற்குப் பின் தாவரங்கள் மூன்றாம் அட்டவணையில் இடம்பெறுகின்றன. பன்னாட்டு வணிகத்தைப் பொறுத்தவரை, 1990 முதல் இப்பேரினம் முழுவதும் சைட்ஸ் உடன்படிக்கையின் முதல் பின்னிணைப்பில் உள்ளது. காட்டிலிருந்து எடுத்த செடியை வணிகத்திற்காக எல்லை கடத்துவதற்குத் தடை.

சட்டத்தின் 17ஏ பிரிவு இச்செடிகளைக் காட்டிலிருந்து பறிப்பதையும் பெயர்ப்பதையும் தடைசெய்கிறது. 17பி பிரிவு, உரிய அலுவலரின் உரிமமின்றி இவற்றைப் பயிரிடுவதையும் தடைசெய்கிறது. எனவே நெய்யாற்றின்கரை வீட்டு முற்றத்தில் நம் மலையின் செடியை ஒருவர் விருப்பம்போல் வளர்க்க இயலாது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அதே செடியின் வழித்தோன்றல்கள் பலருடைய கண்ணாடி வீடுகளில் பூக்கின்றன. இம்முரண் நமக்கு உறுத்துகிறது, உறுத்தவும் வேண்டும். ஆயினும் தடையை நீக்குவது அதற்குத் தீர்வாகாது. எஞ்சியிருப்பவை இவ்வளவு குறைவாக உள்ளபோது, ஒரு சில பேராசைக்காரர்கள் ஒரு பருவத்தில் கதையை முடித்துவிடுவர்.

17ஏ பிரிவில் ஒரு விதிவிலக்கு உண்டு. பட்டியல் பழங்குடியினர் தாம் வாழும் மாவட்டத்தில், தம் சொந்தப் பயன்பாட்டிற்காக, சட்டத்தின் பிற விதிகளுக்கு உட்பட்டு, இத்தாவரங்களை எடுக்கவும் வைத்திருக்கவும் அது இடமளிக்கிறது. 1874இல் பெயரில்லாமல் விடுபட்டவர்கள் 1991இல் சட்டத்தின் ஒரு துணைவிதியில் இடம்பெறுகின்றனர். சிறிய இடம்தான், ஆயினும் அவ்விடத்தை நாம் கவனிக்க வேண்டும்.

இதே மலையில் இதற்கு ஒரு முன்மாதிரியும் இருக்கிறது. 1987இல் காணிக்காரர்கள் ஆய்வாளர்களுக்குக் காட்டிய ‘ஆரோக்கியப்பச்சை’ என்னும் செடி, பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரத்தோட்ட ஆய்வு நிறுவனத்தின் வழியாக ‘ஜீவனி’ என்னும் மருந்தாயிற்று; அதன் உரிமத்தொகையில் காணிக்காரர்களுக்குப் பங்கு ஒதுக்கப்பட்டது. அந்த ஏற்பாட்டில் குறைகளும் சர்ச்சைகளும் உண்டு. எனினும் ஒரு செடியோடு சேர்த்து அதை அறிந்தவர்களின் பெயரும் ஆவணத்தில் ஏறியது. பிரௌன் காலத்திற்கும் இக்காலத்திற்கும் இடையிலுள்ள தொலைவு அது.

திரும்பும் வழி

பறிபோன செடி மலைக்குத் திரும்ப முடியுமா? இங்கிலாந்தின் அனுபவம் இதற்கு உதவும். அங்குள்ள ஒரே செருப்பு ஆர்க்கிட்டான ‘சிப்ரிபீடியம் கால்சியோலஸ்’, தோட்டங்களுக்காகப் பெயர்த்தெடுக்கப்பட்டு 1917இல் அழிந்ததாக அறிவிக்கப்பட்டது. 1930இல் யார்க்‌ஷயரில் ஒரேயொரு செடி கண்டறியப்பட்டது. இடத்தை வெளியே சொல்லாமல் பல்லாண்டுகள் காவல் காத்தனர். 1983இல் கியூ தாவரத்தோட்டத்தில் தொடங்கிய ஆர்க்கிட் பாதுகாப்புத் திட்டம், விதைகளை ஆய்வுக்கூடத்தில் முளைக்கச் செய்து நாற்றுகளை இயற்கைக்குத் திருப்பியது. 1989 முதல் நடப்பட்டவற்றுள் முதல் பூ மலர்ந்தது 2000ஆம் ஆண்டில். பதினோராண்டு காத்திருப்பு! பழைய தோட்டங்களில் எஞ்சியிருந்த செடிகள்கூட அத்திட்டத்திற்கு மகரந்தம் தந்தன. ஒருகாலத்தில் காட்டை வெறுமையாக்கிய தோட்டமே பின்னர் காட்டுக்குக் கடன் திருப்பியது.

விதை வழியே வளர்க்கும் அதே நுட்பம்தான் இன்று வெளிநாட்டு வாயில்களில் தொட்டிச் செடிகளைச் சாத்தியமாக்கியுள்ளது. ஜெர்மானிய வளர்ப்பாளர்கள் உருவாக்கிய சிப்ரிபீடியக் கலப்பினங்கள் ஆய்வுக்கூடப் புட்டியில் முளைத்தவை. அவற்றை வாங்குவோர் எந்த மலையையும் தோண்டச் சொல்லவில்லை. ஆனால் மலிவாகக் கிடைக்கும் ‘கிழங்கு’ வகைகளுள் காட்டிலிருந்து நேரடியாகத் தோண்டியவையும் உலகச் சந்தையில் கலந்தே வருகின்றன. தோற்றத்தில் வேறுபாடு சொல்வது கடினம். காட்டில் தோண்டியவை வேரறுந்து வந்து ஓரிரு ஆண்டில் மடிந்துவிடுவதால், வாங்கியவர் மீண்டும் வாங்குகிறார். மலை மீண்டும் தோண்டப்படுகிறது.

நம் மலைப்பூவிற்கும் இவ்வழி திறந்தே உள்ளது. பாலோட்டு நிறுவனம் இவ்வினத்தை ஆய்வுக்கூடத்தில் பெருக்கி அகத்தியமலைக்குத் திருப்பும் பணியில் ஈடுபட்டிருக்கிறது. செருப்பு ஆர்க்கிட்டுகள் டென்ட்ரோபியத்தைப் போலத் திசுவளர்ப்பில் எளிதில் பெருகுவதில்லை. விதையே முதன்மை வழி, அதுவும் ஆண்டுக்கணக்கில் பொறுமை கோரும் வழி.

நம் முற்றத்திற்கு என்ன விடை?

தொடங்கிய வினாவுக்கு வருவோம். குளிர்நாட்டுச் செருப்பு ஆர்க்கிட்டை நம் முற்றத்துத் தொட்டியில் வளர்க்க முயல வேண்டாம். பணமும் செடியும் வீணாகும். நம் மலையின் செருப்பு ஆர்க்கிட்டை, உரிமமும் சான்றும் இன்றி, எவர் தந்தாலும் வாங்க வேண்டாம். அது வந்த வழியில் மலையில் ஒரு பள்ளம் இருக்கும். மகரவிளக்கு முதல் சிவராத்திரி வரையான மலையேற்றக் காலமும் அது பூக்கும் பருவமும் அடுத்தடுத்து வருவன. மலையேறும் நண்பர்கள் எங்கேனும் அதைக் காண நேர்ந்தால், படத்தோடு இடத்தையும் வெளியிடாமல் இருப்பதே அதற்குச் செய்யும் பேருதவி. யார்க்‌ஷயரில் எஞ்சிய அந்த ஒற்றைச் செடியைக் காத்தது இரகசியம்தான்.

முற்றம் வெறுமையாக வேண்டுமென்பதில்லை. நாற்றங்காலில் பெருக்கப்பட்ட வாண்டாவும் டென்ட்ரோபியமும் கரித்துண்டிலும் கதம்பலிலும் நன்றாகவே பூக்கின்றன. எந்தத் தொட்டிச் செடியை வாங்கினாலும், ‘இது எங்கிருந்து வந்தது?’ என ஒருமுறை கேட்டால் போதும். விற்பவர் விடை சொல்லத் தயங்கினால் அதுவே விடை.

மொழி பயில்வோருக்கு ஒரு பணி எஞ்சியுள்ளது. இச்செடிக்கு ‘அகத்தியர் பாதுகை’ போன்ற அழகிய பெயர்களைச் சூட்ட நமக்கு ஆசை எழும். அதற்கு முன் காணிக்காரர் பேச்சில் அம்மலைச் சரிவின் பூக்களுக்கும் புல்லுக்கும் பாறைக்கும் வழங்கும் சொற்களைத் தொகுக்க வேண்டும். சொன்னவர்களின் பெயரோடும் இசைவோடும் தொகுக்க வேண்டும். கர்னலின் பெயரை அறிவியல் விதிகள் காத்துக்கொள்ளும். காணியின் சொல்லைக் காப்பதற்கு நம்மைத் தவிர வேறு விதி இல்லை.